ஹார்லிக்ஸ் பாட்டில் லட்சாதிபதிகள்

உங்கள் வீட்டில் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறதா? வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த நாணயம்? வரிசை எண்ணில் 786 வரும் பத்து ரூபாய்? இருந்தால் நீங்கள் இந்நேரம் மயிலாப்பூர் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு போட் கிளப் சாலையில் பங்களா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் பார்க்கவில்லை என்றால் தப்பு உங்கள்மேல்தான். செய்தித் தளங்களும் யூடியூப் சேனல்களும் சொல்லாமலா இருந்தார்கள்? "இந்த ஒரு நாணயம் போதும், வீட்டில் இருந்தபடியே நீங்கள் லட்சாதிபதி." "ஆன்லைன் ஏலத்தில் விற்பது எப்படி? முழு விவரம் உள்ளே." உள்ளே போய்ப் பார்த்தால் முழு விவரம் இருக்காது. கொழுப்பைக் கரைக்கும் மருந்து விளம்பரம் ஒன்று, மூட்டுவலித் தைல விளம்பரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே "பதிவு செய்யுங்கள்" என்று ஒரு பொத்தான், இவ்வளவுதான் இருக்கும்.

ஆன்லைன் ஏலத்தில் விற்பவர்களுக்கு யோசனை சொல்வது தமிழில் இன்று நன்றாக ஓடும் தொழில். ராசிபலனுக்கும் முடி உதிர்வுக்கு வெங்காயச் சாற்றுக்கும் அடுத்த இடம் இதற்குத்தான். தென்சென்னை இதற்குத் தோதான ஊர். பென்ஷன்காரர்கள் அதிகம், பிள்ளைகள் வெளிநாட்டில், கையில் ஸ்மார்ட்போன், பூஜை அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டிலுக்குள் ஓட்டைக் காலணாவும் பத்துக் காசும். எல்லோரும் யோசனை சொல்லும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. என் பங்குக்கும் சில.

முதல் யோசனை: பொருளைப் பார்க்காதீர்கள், தலைப்பைப் பாருங்கள்

டிராக்டர் நோட்டை ரிசர்வ் வங்கி கோடிக்கணக்கில் அச்சடித்து ஊரெல்லாம் இறைத்தது. அது இன்றும் செல்லும். செல்லும் என்றால் ஐந்து ரூபாய்க்குச் செல்லும். லஸ் முனையில் வெள்ளைப் பலகை பஸ் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணத்துக்கு அது போதும். பெண்களுக்கு அதுவும் வேண்டாம், அந்த பஸ் அவர்களுக்கு 2021 முதல் இலவசம். வைஷ்ணவ தேவி நாணயம் கோவில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012இல் வந்தது. பாண்டி பஜாரில் முழம் பூ வாங்கினால் மீதிச் சில்லறையோடு அதுவும் வந்து விழலாம். காண்டாமிருகம் போட்ட 25 காசு 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாக்காசாகிவிட்டது. அரசாங்கம் செல்லாது என்று தள்ளிய காசுக்கு யூடியூப் ஐந்து லட்சம் தருகிறது. அரசாங்கத்தைவிட யூடியூப் தாராள மனசுக்காரர்.

அரிய காசு என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் கிடைப்பது அரிது. சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அதனாலேயே அதில் போலியும் மலிந்து கிடக்கிறது. உண்மையா போலியா என்று பார்க்க எடை தெரிய வேண்டும், விளிம்பு தெரிய வேண்டும், எந்த நாணயச்சாலையின் குறி எது என்று தெரிய வேண்டும். மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எந்தக் குறியும் கிடையாது. இது கண்ணும் படிப்பும் சேர்ந்த வேலை. தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு அந்தப் படிப்பு அந்நியமும் அல்ல. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்க காலப் பாண்டியர் காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர். களிம்பேறிய செப்புத் துண்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தைத் தேடிப் படித்த ஓர் ஆசிரியர் வாழ்ந்த ஊரில்தான், இன்று டிராக்டர் படத்தைப் பெரிதாக்கிப் போட்டு "உடனே பாருங்க" என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அந்த நோட்டு ஐந்து ரூபாய் பெறும் என்பது தெரியாதா? தெரியும். அவர் பர்ஸிலும் இரண்டு இருக்கும். அவர் அதை ஏலத்துக்கு அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் யோசனை: ஏலக்கடை எங்கே என்று கேட்காதீர்கள்

சென்னையில் ஏலம் என்றாலே மர்ரே அண்ட் கம்பெனி என்று இருந்த காலம் உண்டு. பொருள் கண்முன் இருக்கும், கேட்பவர் முகமும் கண்முன் இருக்கும். சுத்தியல் விழும். வாங்கியவர் பணம் கட்டுவார். கம்பெனி தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை விற்றவரிடம் கொடுக்கும். அந்தக் கம்பெனியை நடத்திய மர்ரே எஸ். ராஜம், ஏலத் தொழிலில் வந்த பணத்தைக் கொண்டு 1950களில் பழந்தமிழ் இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். பல நூல்களுக்கு விலை ஒரு ரூபாய். அந்த ஏலக்காரர் ஒரு ரூபாய்க்குச் சங்க இலக்கியம் கொடுத்தார். இன்றைய ஏலக்காரன் ஒரு ரூபாய் நோட்டைக் காட்டி நம் பென்ஷனை எடுத்துக்கொண்டு போகிறான்.

இணையத்திலும் ஒழுங்கான ஏலம் நடந்ததுண்டு. 2000இல் பாசி டாட் காம் என்ற ஏலத் தளத்தைத் தொடங்கினார்கள். 2004இல் அதை ஈபே சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. மாம்பலத்துச் சந்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்டாம்ப் ஆல்பத்தையும் பழைய கேமராவையும் ஊர் பேர் தெரியாதவருக்கு விற்க முடிந்தது. 'பைசாபே' என்ற ஏற்பாடு இருந்தது. வாங்குபவரின் பணத்தை இடையில் பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் போய்ச் சேர்ந்ததும் விற்றவருக்கு விடுவிப்பார்கள். 2017இல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று கடையைச் சாத்தினார்கள். மறுநாள் சுதந்திர தினம்.

அதன்பிறகு உள்ளூரில் ஒரு சாதாரண ஆள் தன் வீட்டுப் பொருளை ஏலம் விட, பெயர் சொல்லும்படியான பொதுத் தளம் எது? சேகரிப்பாளர்களுக்கான நாணய ஏல நிறுவனங்கள் சில உண்டு. அவர்கள் காசைக் கையில் வாங்கிப் பரிசோதிக்காமல் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், டிராக்டர் நோட்டை எடுத்துப் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மற்றபடி இருப்பதெல்லாம் வரி விளம்பரத் தளங்கள். ஏலக்கடை மூடிய ஊரில் ஏலத்துக்கு வழிகாட்டிகள் மட்டும் பெருகியிருக்கிறார்கள். வழியின் முடிவில் என்ன இருக்கும்? வாட்ஸாப்பில் ஒரு குப்தாஜி இருப்பார்.

மூன்றாம் யோசனை: பணம் வாங்க வேண்டுமானால் முதலில் பணம் கட்டுங்கள்

ஓர் அம்மாளை வைத்துக்கொள்வோம். சித்திரக்குளம் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் அடையாறு இந்திரா நகரில், பிள்ளை டல்லாஸில். செய்தியைப் படித்து, பொத்தானை அமுக்கி, நோட்டைப் படம் பிடித்து அனுப்பியாயிற்று. கால் மணி நேரத்தில் போன்.

"வணக்கம்மா, ஆர்பிஐ மும்பை ஹெட் ஆபீஸ்லேந்து பேசறோம். உங்க நோட்டு இருபத்தாறு லட்சத்துக்கு ஏலம் போயிருக்கு. பார்ட்டி துபாய்ல இருக்கார்."

"நோட்டை இன்னும் நீங்க பாக்கவே இல்லையேப்பா?"

"போட்டோ பாத்துட்டோம்மா. ஒரிஜினல்தான். ரிஜிஸ்ட்ரேஷன் 650 ரூபா மட்டும் கட்டிடுங்க."

கட்டியாயிற்று. வாட்ஸாப்பில் சான்றிதழ் வந்தது. மூன்று சிங்கம், நான்கு முத்திரை, கவர்னர் கையெழுத்து, நடுவில் அம்மாளின் பாஸ்போர்ட் சைஸ் படம். அடுத்த போன்: ஜிஎஸ்டி 8,500. இங்கேதான் கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"அந்த எட்டாயிரத்து ஐந்நூறை நீங்களே கழிச்சுண்டு மீதியைக் குடுங்களேன்?"

"சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லைம்மா."

இந்த ஒரு வாக்கியத்தில் அம்மாள் விழுந்தார். பேராசை பிடித்த கிழவி, நன்றாக வேண்டும் என்று சொல்லத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த வாக்கியத்தை அவர் முதல்முறையாகவா கேட்கிறார்? பென்ஷன் நிலுவைக்கு அலைந்தபோது கேட்டிருக்கிறார். மின்சார வாரியத்தில் பெயர் மாற்றப் போனபோது கேட்டிருக்கிறார். வங்கியில் கணவர் கணக்கை மூடப் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னதும் இதுதான். உங்கள் பணத்தை நீங்கள் வாங்க வேண்டுமானால் முதலில் எதையாவது கட்டு, எதையாவது நிரூபி, நாளைக்கு வா என்று ஒரு நாடு தன் குடிமக்களை எழுபது வருஷம் பழக்கி வைத்திருக்கிறது. குப்தாஜி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அரசாங்கக் கவுன்ட்டரின் குரலை அப்படியே பேசிக் காட்டுகிறார். பழகிய குரல் என்பதால்தான் நம்பினார்கள்.

ஜிஎஸ்டிக்குப் பிறகு கூரியர் இன்ஷூரன்ஸ் வந்தது. அப்புறம் 'பணம் ஏற்றிய வண்டியை பார்டரில் நிறுத்திவிட்டார்கள்' வந்தது. கடைசியாக "கட்டலைன்னா கறுப்புப் பணம்னு கேஸ் ஆயிடும்மா, வீட்டுக்குப் போலீஸ் வரும்" என்றார்கள். கோலம் போட்ட வாசலுக்குப் போலீஸ் ஜீப் வருவதைவிட இருக்கிற வைப்புத்தொகையை உடைப்பது மேல் என்று எந்த மயிலாப்பூர் அம்மாளும் நினைப்பார். உடைத்தார். இந்திரா நகர் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்பாள். இந்தத் தொழிலின் முதலீடு செல்போனோ சிம்கார்டோ அல்ல. அந்த ஒரு கேள்விக்கு அஞ்சும் அவமானம்தான் முதலீடு.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் எந்த ஆளுக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. உண்மையான வரிக் கணக்கும் தெளிவானதுதான். இணையதளம் வழியாக வணிகமாக விற்பவருக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவில் பிடித்தம் அரை சதவீதம், வருமான வரிக்காக 0.1 சதவீதம். இரண்டையும் தளமே விற்ற பணத்திலிருந்து கழித்துக்கொள்ளும். விற்பவர் கையிலிருந்து முன்கூட்டிக் கட்டும் வரி என்று ஒன்று கிடையாது.

முன்பெல்லாம் தெருவில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். எடையில் கை வைப்பார், தெரிந்த விஷயம்தான். ஆனால் பேரீச்சம்பழம் வேண்டுமானால் முதலில் நீங்கள் ரெண்டு கிலோ பேரீச்சம்பழம் கொடுங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான்காம் யோசனை: ராணுவத்துக்கு மரியாதை கொடுங்கள்

நாணயம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். சோபா இருக்கிறதா? ஃப்ரிட்ஜ்? பெண் கற்றுக்கொண்டு நிறுத்திய வீணை? படம் பிடித்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு ராணுவ அதிகாரி பேசுவார். பரங்கிமலையில் போஸ்டிங், நேரில் வர அனுமதி இல்லை, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்பார். அடையாள அட்டையும் யூனிஃபார்ம் படமும் கேட்காமலே வரும். முக்கியமாக, விலை பேச மாட்டார். ரங்கநாதன் தெருவில் பத்து ரூபாய் கர்சீப்புக்குக் கூட பேரம் பேசியே வளர்ந்த ஜனங்கள் நாம். பார்க்காத சோபாவுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்க மாட்டோம். தேசபக்தி தடுக்கும்.

அவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார். ஸ்கேன் பண்ணி, தொகையைப் பார்த்து, பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வரும் என்பார். பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டாம். கொடுப்பதற்கு மட்டும்தான் வேண்டும். இந்த ஒற்றை உண்மையைத் தெருவுக்குத் தெரு போர்டு வைத்துச் சொல்லியிருக்கலாம். பூக்காரம்மா வண்டியில்கூட க்யூஆர் அட்டை ஒட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் கீழே இந்த ஒரு வரியை அச்சடிக்கத் தோன்றவில்லை. யுபிஐ வந்தது 2016இல். முன்பின் தெரியாதவர் உங்களிடம் பணம் கேட்டு கோரிக்கை அனுப்பி, அதைப் பணம் வருவதாக நம்ப வைக்கும் மோசடி வருஷக்கணக்கில் நடந்தது. தனிநபர்களுக்கிடையே அந்தக் கோரிக்கை வசதியை நிறுத்தியது 2025 அக்டோபரில். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஒன்பது வருஷம். பக்கத்தில் க்யூஆர் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ஐந்தாம் யோசனை: சட்டத்தை நம்புங்கள்

ஏலத்துக்குச் சட்டம் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது. விலையை ஏற்றிவிட விற்பவர் போலியாக ஆள் வைத்துக் கேட்க வைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். வெள்ளைக்காரன் காலத்துக் கற்பனையில் ஏலத்துத் திருடன் என்றால் விற்பவன்தான். வாங்க வருகிறவன் திருடனாக இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பிறகு வந்த நுகர்வோர் சட்டத்தில் காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர்தான் நுகர்வோர். ஓசித் தளத்தில் ஃப்ரிட்ஜை விற்கப் போய்ப் பணத்தைத் தொலைத்தவர் எந்தக் கணக்கில் வருவார்? அவருக்கு மிஞ்சியது சைபர் மோசடி உதவி எண். அந்த எண்ணும் 1930. சட்டமும் 1930, போனும் 1930, இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

தளங்களுக்கு வேறு நீதி. 2004 டிசம்பரில் பாசி நிறுவனத்தின் தலைவர் அவனிஷ் பஜாஜ் டெல்லியில் கைது செய்யப்பட்டார். யாரோ ஒருவர் அந்தத் தளத்தில் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டதற்காக. அது அநியாயம் என்று தொழில் உலகம் பொங்கியது. 2008 திருத்தத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு விரிந்தது: மூன்றாம் மனிதர் போட்டதற்கு இடைத்தளம் பொறுப்பல்ல, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு. சரி, அது நியாயம்தான் என்றே வைத்துக்கொள்வோம். எவனோ ஒட்டிய போஸ்டருக்குச் சுவர்க்காரரைப் பிடித்து உள்ளே போடக்கூடாது. ஆனால் சுவர்க்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு போஸ்டரை ஒட்ட விட்டு, யார் கண்ணில் பட வேண்டும் என்பதையும் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றால்?

ஆறாம் யோசனை: உண்மையான ஏலம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஏலம் என்ற பெயர்தான் இருக்கிறது, ஏலம் இல்லை. ஆனால் ஒரு ஆன்லைன் ஏலம் உண்மையிலேயே நடக்கிறது. கணக்கு டீச்சர் செய்திப் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் முழுதாக வருவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அந்தப் பக்கத்திலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்கு வருகிறது. பார்ப்பவர் பெண், அறுபதைத் தாண்டியவர், சென்னை, பழைய நாணயம் பற்றிப் படிக்கிறவர் என்று ஊகித்துச் சொல்லி விலை கேட்கிறார்கள். மூட்டுவலித் தைலக்காரர் ஒரு விலை கேட்கிறார். குப்தாஜி அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். சுத்தியல் விழுகிறது. டிராக்டர் நோட்டு விலைபோகவில்லை. விலைபோனது டீச்சரின் கண்பார்வை. அவருக்கு அந்த ஏலத்தில் ஒரு காசு பங்கு கிடையாது. தளத்துக்கு உண்டு, விளம்பரத் தரகருக்கு உண்டு, சமூக ஊடகக் கம்பெனிக்கு உண்டு.

இது என் கற்பனை என்பவர்கள் 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைப் பார்க்கட்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து எழுதிய செய்தி அது. 2024 வருமானத்தில் சுமார் பத்து சதவீதம், 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட சரக்கு விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று கம்பெனியே கணக்குப் போட்டிருந்தது. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால், தண்டனையாக அவரிடம் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வாங்கினார்களாம். திருடன் என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்குள் விடாதே என்பது நம் ஊர் வழக்கம். சந்தேகம் வந்தால் டிக்கெட் விலையைக் கூட்டு என்பது அவர்கள் வழக்கம். அந்தக் கணக்கு தோராயமானது, அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டது என்று கம்பெனி விளக்கம் சொன்னது. இருக்கட்டும். பத்தில் பாதியை, கால்வாசியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எத்தனை ஹார்லிக்ஸ் பாட்டில்!

தமிழ்த் தளங்களை மட்டும் விட்டுவிட முடியுமா? மேலே ஆன்மிகம், நடுவில் அறிவியல், கீழே "உங்க வீட்டுல இந்த ரெண்டு ரூபாய் இருக்கா?". பத்திரிகை தர்மம் பற்றி மேடை ஏறிப் பேசுகிறவர்கள் அந்தக் கீழ்வரியை யார் எழுதச் சொன்னது என்று சொல்ல மாட்டார்கள். "டெஸ்க்கில் பசங்க போட்டிருப்பாங்க சார்" என்பார்கள். பசங்க மாதம் பதினைந்தாயிரத்துக்கும் கிளிக் கணக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். கிளிக் கணக்கைப் பார்த்துச் சம்பளம் போடுகிறவர் யார்?

ஏழாம் யோசனை: புகார் கொடுங்கள், பொழுது போகும்

பணம் போயிற்று. ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். "எவ்வளவும்மா? எழுபத்தெட்டாயிரமா? நேத்து ஒருத்தர் ரெண்டு கோடி விட்டுட்டு வந்தார். உக்காருங்க." உங்கள் துக்கத்துக்கு அங்கே டோக்கன் நம்பர்தான். வங்கிக்குப் போனால், "பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?" ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இவர்களுக்கு மனப்பாடம். வாடிக்கையாளரின் அலட்சியத்தால் நஷ்டம் என்றால், புகார் சொல்லும்வரை அது முழுக்க வாடிக்கையாளர் தலையில். திருடனின் கணக்கும் ஏதோ ஒரு வங்கியில்தானே இருக்கிறது? ஆதார், பான், புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டுதானே அதைத் திறந்தார்கள்? கணவர் கணக்கை மூடப் போன அம்மாளிடம் மூன்று அத்தாட்சி கேட்ட அமைப்பு, குப்தாஜிக்குக் கணக்குத் திறக்கும்போது எங்கே போயிருந்தது? இதைக் கேட்டால் "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லை".

அந்த ஆப்ஷன் இருக்க முடியும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமாகவே பணம் அனுப்பியவர்களுக்கும், சில விதிவிலக்குகள் தவிர, வங்கிகள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வரம்பு 85,000 பவுண்டு. அனுப்பிய வங்கி பாதி, திருடனின் கணக்கை வைத்திருந்த வங்கி பாதி. தன் பையிலிருந்து போகும் என்றால் கணக்குத் திறப்பதிலேயே கவனம் வரும். இங்கே யார் பையிலிருந்து போகிறது? 2024இல் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. அதற்கு முந்தைய வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. இப்படி வளரும் வேறு தொழில் இந்த நாட்டில் இருந்தால் அதற்கு முதலீட்டாளர் மாநாடு நடத்தியிருப்பார்கள்.

கேலி போதும்.

தென்சென்னையின் பென்ஷன்காரர்கள் முட்டாள்கள் அல்ல. பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், வங்கி நடத்தியவர்கள், கணக்குத் தணிக்கை செய்தவர்கள். அவர்களை ஏமாற்றியது பேராசை என்று சொல்வது, விளம்பரத்தை விற்றவரையும் கணக்கைத் திறந்தவரையும் தப்பவிடுவதற்கான சுலப வழி. காசு வாங்கிக்கொண்டு மோசடி விளம்பரத்தைப் போட்ட தளம் நஷ்டத்தில் பங்கு கொடுக்க வேண்டும். திருடனுக்குக் கணக்குத் திறந்த வங்கி பங்கு கொடுக்க வேண்டும். லட்சாதிபதிச் செய்தி போட்ட பத்திரிகை, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், அந்த நோட்டின் விலை ஐந்து ரூபாய் என்று போட வேண்டும். இந்த மூன்றையும் சட்டமாக்காத எந்த அரசும் குடிமக்களிடம் "விழிப்புடன் இருங்கள்" என்று சொல்லும் அருகதையை இழந்துவிட்டது.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: விற்பவர் எந்த ஏலத்திலும் முன்பணம் கட்டுவதில்லை. பணம் வாங்கப் பின் நம்பர் போடுவதில்லை. கட்டிவிட்டீர்களா, அதே நிமிடம் 1930க்குப் போன் செய்யுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் பணம் நான்கு கணக்கு தாண்டியிருக்கும். பெண்ணிடமோ பிள்ளையிடமோ சொல்லுங்கள். பெண்களே, பிள்ளைகளே, அம்மா சொன்னால் "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆட்கள் வேறே இருக்கிறார்கள்.